குடும்பக் காரை முகாம் பயணத்துக்கு ஆயத்தப்படுத்துதல்: சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜொகூரின் கிழக்குக் கடற்கரையிலோ கேமரன் மலையிலோ கூடாரமடித்து இரண்டு மூன்று இரவுகள் தங்கிவர விரும்பும் சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு நான்கு சக்கரங்களும் இழுக்கும் பெரிய வண்டி தேவையில்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் தேக்காச் சந்தைக்கும் ஓடுகிற அதே காரை, ஒரு துளைகூடப் போடாமல், முகாமுக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்ள முடியும். அதற்கு வேண்டியது எடையைப் பற்றிய கணக்கும், பொருள்களை அடுக்கும் ஒழுங்கும், மழையைப் பற்றிய முன்னெச்சரிக்கையும்தான். கடைகளில் விற்கும் துணைக்கருவிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்கும் உதவுவதில்லை. சில எதிராகவே வேலை செய்கின்றன.

நம் ஊரில் காரை நிரந்தரமாக மாற்றியமைப்பதில் பொருளில்லை என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்குத்தான். பெரும்பாலானோர் அதற்கு முன்பே காரை விற்றுவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கும் போக வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி வேண்டாதவை, அனுமதி வேண்டியவை, செய்யவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. கூரையில் கூடுதல் விளக்கு, முன்பக்கத்தில் காப்புக் கம்பி, உயர்த்திய சஸ்பென்ஷன் போன்றவற்றுக்கு ஆசைப்படுகிறவர்கள் வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். என் பரிந்துரை, அவற்றில் எதையும் பொருத்தாதீர்கள் என்பதே. காருக்குள் வைக்கும் ஒவ்வொன்றையும் ஒருவர் தனியாகவே அரை மணி நேரத்தில் வெளியே எடுத்துவிட முடிய வேண்டும் என்பதை விதியாகக் கொண்டால், திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது கார் பழையபடி இருக்கும்.

எடைக் கணக்கு

முதல் வேலையைத் தாளும் பேனாவுமாகத் தொடங்குங்கள். காரின் பதிவு விவரங்களில் வெற்றெடையும் உச்ச மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான எல்லை. எடுத்துக்காட்டாக, அந்த வேறுபாடு 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளை, சிறிய பிள்ளை, உடன் வரும் பாட்டி ஆகியோர் சேர்ந்து 280 கிலோ ஆகிவிட்டால், சாமான்களுக்கு மீதி 170 கிலோ. எல்லையைத் தொடாமல் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது நல்லது என்பதால், ஏறத்தாழ 135 கிலோவை உங்கள் உண்மையான வரம்பாகக் கொள்ளுங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. இருபது லிட்டர்க் குடம் ஒன்றே இருபது கிலோவைத் தின்றுவிடும். நிரம்பிய குளிர்பெட்டி 25 கிலோவைத் தாண்டும். குளியலறைத் தராசில் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து, எடையை மூடியின் மேல் எழுதி ஒட்டிவிட்டால் இந்தக் கணக்கை ஒவ்வொரு பயணத்துக்கும் மறுபடி போட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு வெறும் சட்டத்துக்காக அல்ல. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் நம் கார் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வரம்பு 110. அங்கே முழுச் சுமையோடு, நண்பகல் வெயிலில், மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும்போது டயரில் ஏறும் சூடும் நிறுத்துவதற்குத் தேவைப்படும் தூரமும் நாம் பழகியதைவிட வெகுவாக அதிகம்.

கூரையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல குடும்பக் கார்களின் கூரை, ஓடும்போது தாங்கக்கூடிய எடை சுமார் 75 கிலோதான்; சரியான எண் காரின் கையேட்டில் இருக்கும். கூரைத் தண்டுகளும் பெட்டியும் அந்த எடைக்குள்ளேயே அடக்கம். கூரைக் கூடாரம் ஒன்று 50 முதல் 70 கிலோ வரை இருக்கும் என்பதால், அதை ஏற்றிய பிறகு வேறெதற்கும் இடமிராது. காரின் ஈர்ப்பு மையம் மேலேறி, வளைவுகளில் உடல் சாய்வதும் கூடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயிலில் தொங்கும் உயர வரம்புப் பலகையையும் பேரங்காடிகளின் நிலத்தடி நிறுத்துமிடங்களையும் எண்ணிப் பார்த்தால், அதைக் கழற்றி வைக்க வீட்டில் இடமில்லாத நமக்குக் கூரைக் கூடாரம் பொருந்தாது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். கூரைப் பெட்டி வேண்டுமானால், அதில் தூக்கப் படுக்கை, தலையணை, துணி, மடிப்பு நாற்காலி போன்ற எடை குறைந்தவற்றை மட்டும் வையுங்கள்.

அடுக்கும் முறை

மூடியுள்ள, ஒரே அளவிலான பிளாஸ்டிக் பெட்டிகளை நான்கைந்து வாங்குங்கள். ஒவ்வொன்றும் நிரம்பியபின் 15 கிலோவைத் தாண்டக் கூடாது. ஏனெனில் வீட்டுச் சேமிப்பறையிலிருந்து மின்தூக்கி வழியாகக் கார் நிறுத்துமிடம் வரை தள்ளுவண்டியில் கொண்டுபோய் ஏற்றுவது ஒருவர் வேலை. சமையலுக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று, விளக்கும் கயிறும் கருவிகளுமாக ஒன்று, ஈரமான பொருள்களுக்கு ஒன்று காலியாக. கூடாரமும் மழைவிரிப்பும் பெட்டிக்குள் போகாமல் தனிப் பையில் இருக்கட்டும்.

கனமானவை கீழே, பின்னிருக்கையின் முதுகை ஒட்டி, இரு சக்கரங்களுக்கும் நடுவே வர வேண்டும். தண்ணீர்க் குடம், மின்கலப் பெட்டி, சமையல் பெட்டி ஆகியவற்றின் இடம் அதுவே. பின்கதவைத் திறந்ததும் கைக்கு முதலில் கிடைக்க வேண்டியது மழைவிரிப்பு; கொட்டும் மழையில் போய்ச் சேர்ந்து, அதை எடுக்க மற்ற எல்லாவற்றையும் இறக்கி நனைக்க நேர்ந்தால் அந்த இரவு பாழ். சாமான் குவியல் இருக்கை முதுகின் உயரத்தைத் தாண்டக் கூடாது. மூன்று வரிசை வண்டிகளில் கடைசி வரிசையை மடித்துவிட்டுச் சாமான் ஏற்றுகிறவர்கள், தரையிலுள்ள கொக்கிகளில் ராட்செட் பட்டைகளைக் கோத்துப் பெட்டிகளை இறுக்கிக் கட்டி, மேலே வலையும் போடுங்கள். கார் எதிலாவது மோதினால், கட்டப்படாத ஒரு சமையல் பெட்டி தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு பிள்ளைகளின் தலையை நோக்கி வரும்.

பிள்ளைகளின் இருக்கையைச் சாமானுக்காகக் கழற்றிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு ஏற்ற பாதுகாப்பு இருக்கை கட்டாயம். மலேசியாவிலும் 2020 முதல் குழந்தை இருக்கை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இடம் போதவில்லை என்றால் குறைய வேண்டியது சாமான்.

டயரும் கருவிகளும்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் டயர் அழுத்தத்துக்கு இரண்டு வரிசை எண்கள் இருக்கும். ஒன்று ஓரிருவர் செல்வதற்கு. மற்றது முழுச் சுமைக்கு. புறப்படும் நாளின் காலையில், டயர் சூடேறும் முன், முழுச் சுமைக்குரிய எண்ணுக்குக் காற்றடியுங்கள். பெரும்பாலான கார்களில் பின் டயர்களுக்குத்தான் கூடுதல் காற்று தேவைப்படும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். சிங்கப்பூரில் குறைவாக ஓடும் கார்களில் தடம் தேயாமலே ரப்பர் முதுமையடைந்திருக்கும் என்பதால், தடத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம்.

இன்றைய கார்கள் பலவற்றில் மாற்று டயரே கிடையாது. பசை நிரப்பும் குப்பியும் சிறிய காற்றடிப்பானும்தான் வரும். அந்தப் பசை ஆணி குத்திய துளைக்கு உதவும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது. உங்கள் காரில் எது இருக்கிறது என்பதை வீட்டிலேயே பாருங்கள். மாற்று டயர் இருந்தால் அதிலும் காற்று இருக்கிறதா, அதை எடுக்க எல்லாச் சாமானையும் இறக்க வேண்டுமா என்றும் பாருங்கள். இவற்றோடு 12 வோல்ட் காற்றடிப்பான், காரைக் கிளப்பும் சிறு மின்கலம், எதிரொளி முக்கோணம், இழுவைக் கொக்கி, தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று, ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பான், முதலுதவிப் பை ஆகியவை போதும். வெட்டுக்கத்தி கொண்டுபோக வேண்டாம். சமையலறைக் கத்தியும் கத்தரிக்கோலும் முகாம் வேலைகள் அனைத்துக்கும் போதுமானவை. தக்க காரணமின்றி வெட்டுக்கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம்.

மழைவிரிப்பு, கூடாரம், உறக்கம்

நம் வட்டாரத்தில் முகாமின் வெற்றி தோல்வியை மழைதான் முடிவு செய்கிறது. ஆகவே கூடாரத்தைவிட மழைவிரிப்புக்கு முதலிடம் கொடுக்கிறேன். நான்குக்கு மூன்று மீட்டர் அளவில் ஒரு நல்ல விரிப்பு, அதை ஒரு பக்கம் காரின் கூரைத் தண்டிலும் மறுபக்கம் இரண்டு கம்பங்களிலும் கட்டினால், காரின் பின்கதவும் அடுப்பும் நாற்காலிகளும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும். ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் தண்ணீர் தேங்கி, அந்தப் பளுவிலேயே விரிப்பு கிழியும். தேசிய சேவை முடித்த அண்ணனோ தம்பியோ வீட்டில் இருந்தால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். பாஷா எனப்படும் இராணுவ விரிப்புக் கூரையைக் கட்டிப் பழகிய கை அது. கயிறு, முளை, தரைவிரிப்பு போன்றவற்றைப் பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் வாங்கினால் உறுதியாகவும் விலை சரியாகவும் இருக்கும்.

கூடாரத்தைப் பொறுத்தவரை, நான்கு பேர் குடும்பம் ஆறு பேர் கூடாரம் வாங்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணிக்கை, தோளோடு தோள் ஒட்டிப் படுப்பவர்களுடையது. உள்ளே வலைச்சுவர், வெளியே தரை வரை இறங்கும் மழைத்துணி என்ற இரட்டை அமைப்பு அவசியம். வலை இல்லாவிட்டால் புழுக்கம். மழைத்துணி பாதியில் நின்றால் சாரல். கூடாரத்தின் அடியில் விரிக்கும் தரைவிரிப்பு கூடாரத் தரையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது மழைநீரைப் பிடித்து அடியில் சேர்க்கும். கடற்கரை மணலில் வழக்கமான முளைகள் நிற்காது. நீளமான அகன்ற முளைகளோ, மணல் நிரப்பிப் புதைத்த பைகளோ வேண்டும்.

ஜொகூர்ச் சமவெளியில் இரவிலும் வெப்பம் அதிகம் குறைவதில்லை. அங்கே தூக்கப் பை வெறும் சுமை. பருத்திப் போர்வையும் மின்கலத்தில் ஓடும் சிறு விசிறியும் போதும். 1,400 மீட்டருக்கு மேலுள்ள கேமரன் மலைப் பகுதியில் இரவு 15 அல்லது 16 பாகை வரை இறங்கும். அங்கே கம்பளியும், தரைக் குளிரைத் தடுக்கும் ஐந்து சென்டிமீட்டர் நுரைமெத்தையும் வேண்டும். பாட்டி உடன் வந்தால் அவருக்கு மடிப்புக் கட்டில் ஒன்று. தரையிலிருந்து எழுந்திருக்கும் சிரமத்தையும் ஈரத்தையும் அது தவிர்க்கும்.

காருக்குள் படுப்பதை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னிருக்கைகளை மடித்தால் கிடைக்கும் நீளத்தை நாடாவால் அளந்து பாருங்கள். 175 சென்டிமீட்டர் இருந்தால் ஒருவரோ இருவரோ நீட்டிப் படுக்கலாம். மேடுபள்ளத்தைச் சமன்செய்ய 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை போடுவதாக இருந்தால், அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஏழு கிலோ என்பதையும் எடைக் கணக்கில் சேருங்கள். கண்ணாடிகளை மூன்று விரல் அகலம் இறக்கி, வெளிப்பக்கம் கொசுவலையைக் காந்தத்தால் ஒட்டுங்கள். குளிரூட்டிக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் விழிக்காமலே இறந்துவிடலாம். அதே காரணத்தால், எவ்வளவு மழை பெய்தாலும் அடுப்பையோ கரியையோ காருக்குள்ளோ மூடிய கூடாரத்துக்குள்ளோ பற்றவைக்கக் கூடாது.

மின்சாரம்

காரின் சொந்த மின்கலத்தை எஞ்சின் கிளப்ப மட்டுமே விட்டுவிடுங்கள். நம் வெப்பத்தில் அது இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடும். ஓரிரவு குளிர்பெட்டியை ஓட்டினால் மறுநாள் காலை கிளம்ப மறுக்கலாம். மாலை முழுவதும் பின்கதவு திறந்திருப்பதால் எரியும் உள்விளக்கும் அதை வடிக்கும் என்பதால், முகாமில் உள்விளக்கின் பொத்தானை அணைத்து வையுங்கள்.

தனி மின்கலப் பெட்டி வாங்குவதானால் கணக்கு இப்படி வரும். கம்ப்ரெசர் குளிர்பெட்டி ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கும். வெப்பமான பகலிலும் இரவிலும் சேர்த்து ஐந்தில் இரண்டு பங்கு நேரம் ஓடுவதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 430 வாட்-மணி. விளக்கு, விசிறி, கைப்பேசிகளுக்கு இன்னொரு நூறு. ஆக, 500 வாட்-மணிப் பெட்டி ஏறத்தாழ ஒரு நாளுக்குத்தான். காரின் 12 வோல்ட் துவாரம் பெரும்பாலும் 120 வாட் வரை தரும் என்பதால், ஐந்து மணிநேரப் பயணத்தில் பெட்டி மீண்டும் நிரம்பும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை அதிகமுறை மின்னேற்றத்தைத் தாங்கும். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் எந்த வகையையும் விடாதீர்கள். எரிவாயுக் குப்பிக்கும் இதே விதி. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களில், வெளிச்சாதனங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் வசதி உள்ளவர்களுக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை.

உண்மையில், நம் சமையல் குளிர்பெட்டியின் அளவைப் பாதியாகக் குறைத்துவிடும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் வெப்பத்தில் கெடாதவை. சோறு மட்டும் வடித்தால் இரண்டு வேளை உணவு தயார். சிறிய குக்கர் கனம்தான் என்றாலும், எரிவாயுவை மிச்சப்படுத்தும். முதல் இரவுக்கான குழம்பை வீட்டிலேயே வைத்து உறையவிட்டு எடுத்துச் சென்றால், அதுவே பனிக்கட்டியின் வேலையையும் செய்யும்.

எல்லையைக் கடப்பது

உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் வழியாக வெளியேறும் சிங்கப்பூர்க் கார்களின் எரிபொருள் தொட்டி முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். தவறினால் 500 வெள்ளி வரை அபராதம். மலேசியாவில் நம் கார்களுக்கு ரான் 95 பெட்ரோல் விற்கத் தடை உள்ளதால் ரான் 97 போட வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வில்லை 2025 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். நம் பக்கச் சோதனைச் சாவடியில் 2024 மார்ச் முதல் கியூஆர் குறியீடு இருப்பதால், குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே குறியீட்டை முன்கூட்டியே உருவாக்கிக்கொள்ளலாம். சிங்கப்பூர்க் காப்புறுதிகள் பொதுவாக மேற்கு மலேசியாவையும் தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரையும் உள்ளடக்கும். உங்கள் பத்திரத்தில் இழுவை வண்டிச் செலவு அடங்குகிறதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது

டிசாருவிலிருந்து மெர்சிங் வரையிலான கடற்கரை ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஏற்றது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை அக்கரையில்தான் அடிக்கும் என்பதால், டிசம்பர் விடுமுறையில் அங்கே கூடாரமடிக்கத் திட்டமிட வேண்டாம். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவைப் போன்ற இடங்களுக்குச் சொந்தக் காரை ஓட்டிச் செல்ல முயலாதீர்கள். காஹாங் ஊரிலிருந்து பூங்காவின் நுழைவிடமான கம்போங் பெத்தாவுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலான மண்சாலை. காரைக் காஹாங்கில் விட்டுவிட்டு உள்ளூர் வண்டியில் போவதே முறை. காஹாங், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரச் சாலைகளில் காட்டு யானைகள் கடக்கும். இருட்டும் முன் முகாமை அடையும்படி புறப்படுங்கள்.

சுமையேற்றிய காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு. ஈரப் புல்லில் முன்சக்கர இயக்கமுள்ள கார் எளிதில் வழுக்கிச் சிக்கும். முகாமிடத்துக்குள் ஓட்டும் முன் ஒருவர் இறங்கி நடந்து பார்க்கட்டும். காரைச் சரளைத் தரையில், வெளியேறும் திசை நோக்கி நிறுத்துங்கள். ஆற்றோரமானால் நீர்மட்டத்திலிருந்து நன்கு உயர்ந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேல்பகுதியில் பெய்த மழையால், இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் கலங்கி, சருகுகள் மிதந்து வரத் தொடங்கினால் பொருள்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளுடன் மேலேற வேண்டும். தென்னையின் அடியிலும் பட்ட கிளைகளின் அடியிலும் கூடாரம் வேண்டாம். குரங்குகளுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் எட்டாதபடி உணவு முழுவதும் இரவில் காருக்குள் இருக்கட்டும்.

எல்லை தாண்டும் முன், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்று, ஈஸ்ட் கோஸ்ட் அல்லது பாசிர் ரிஸ் பூங்காவில் ஓரிரவு தங்கிப் பாருங்கள். காரைக் கூடாரத்தருகே நிறுத்த முடியாதுதான். ஆனால் எந்தப் பெட்டி திறக்கப்படவே இல்லை, எது இல்லாமல் தவித்தோம் என்பது அந்த ஓரிரவிலேயே தெரிந்துவிடும்.

திரும்பியதும்

கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நம் காற்றீரத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். நிறுத்தியபடியே காய வைக்க இடமில்லாவிட்டால் துணி காயப்போடும் கம்புகளில் விரித்துவிடுங்கள். தீர்ந்துபோன உப்பு, தீப்பெட்டி, மருந்து ஆகியவற்றை அன்றே நிரப்பிப் பெட்டிகளைச் சேமிப்பறைக்குத் திருப்பினால் அடுத்த பயணத்துக்கு உணவும் துணியும் மட்டும் எடுத்தால் போதும். கூரைத் தண்டுகளைக் கழற்றுங்கள். மறுநாள் காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்றழுத்தத்தை ஓரிருவர் செல்வதற்குரிய எண்ணுக்கு மீண்டும் குறைத்துவிடுங்கள்.